மதுராங்கி போட்ட வழி

மார்கழி பிறந்து பதினோராம் நாள் பனிச்சரிவில் அகப்பட்டு மறைந்த மதுராங்கி, தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் மீண்டும் மலையேறத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தி வால்நேரா ஊருக்குள் வந்தபோது, அவளுடைய தகப்பன் தியாகலிங்கம் விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நின்றார். செய்தியைக் கொண்டுவந்தவர் ரொட்டிக்கடை பெர்னார். அந்த ஆண்டு ஊர்த்தலைவரும் அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மலையேறுபவர்கள் தங்குகிற முதலாம் குடிலின் வாசலிலிருந்து, பனியில் சறுக்குகிற ஸ்கீயின் ஒற்றைத் தடம் ஒன்று புறப்பட்டுக் கணவாய்ப் பக்கம் போகிறது என்றும், தடத்தின் முடிவில் ஆள் யாருமில்லை என்றும், திருப்பங்களைப் பார்த்தால் மதுராங்கியுடையது என்று மலைவழிகாட்டியான தன் மகன் மாத்தியு சொல்கிறான் என்றும் சொன்னார்.

தியாகலிங்கம் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"கையுறை போட்டிருக்கிறாளா?" என்று கேட்டார்.

"அது தடத்தில் தெரியாது, தியாகு" என்றார் பெர்னார்.

காரைநகரிலிருந்து சுவிசுக்கு வந்து, பாத்திரம் கழுவ என்று அந்த விடுதிக்குள் நுழைந்து, மெல்ல மெல்லச் சமையற்காரனாகி, முப்பத்தொரு குளிர்காலம் அங்கேயே கழித்தவர் தியாகலிங்கம். சமையலறை யன்னலில் நாள் முழுக்க மலை தெரியும். ஆனால் ஒரு தடவைகூட அவர் அதில் ஏறியதில்லை. மலை என்பது வேறு ஆட்கள் பசியோடு இறங்கி வருகிற இடம் என்றுதான் நினைத்திருந்தார். அங்கேயே பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஸ்கீ பழகி, பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்த மகளுக்கு அப்படியில்லை. விடுமுறை கிடைத்தால் குடில் குடிலாகப் போகிற ஐந்து நாள் சுற்றுக்குக் கிளம்பிவிடுவாள். ஏறும்போது ஸ்கீயின் அடியில் வழுக்காத மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு, சரிவில் வளைந்து வளைந்து கணவாய்வரை நடந்து, அங்கே அதை உரித்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, மறுபக்கம் சறுக்கி இறங்கி, பிற்பகலில் அடுத்த குடிலில் சூப் குடித்துப் படுத்து, ஐந்தாம் நாள் கன்னம் இரண்டும் கறுத்து வீட்டுக்கு வந்து சேருவாள். "முதலாம் குடில்வரைக்கும் எண்டாலும் வாங்கோவன் அப்பா" என்று ஒவ்வொரு வருசமும் கேட்பாள். "வாற வருசம் பாப்பம்" என்று ஒவ்வொரு வருசமும் சொல்லுவார்.

அந்த வருசம் பனி முந்திக் கொட்டியதால் குடில்களை நேரத்தோடு திறந்திருந்தார்கள். நாலு பேராகப் போனார்கள். நாலாம் நாள், பனியாற்றுக்கு மேலே உள்ள சரிவை ஒவ்வொருவராகக் கடந்தபோது, கடைசியாக வந்தவள் மதுராங்கி. சரிவு அவளோடு உடைந்தது. முந்திப் போன மூன்று பேரும் திரும்பிப் பார்த்தபோது அங்கே பனித்தூள் மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஆறு நாள் தேடினார்கள். பனியாற்றின் வெடிப்புகள் அந்த இடத்தில் கோயிற் கிணற்றைவிட ஆழமானவை. ஏழாம் நாள் ஹெலிகொப்ரர் வரவில்லை.

இனி, தடம் எப்படி இருந்தது என்றால், எல்லோருடைய தடத்தையும் போல இரண்டு கோடுகளும் இரு பக்கமும் ஊன்றுகோல் குத்திய புள்ளிகளுமாகத்தான் இருந்தது. புதுப்பனி முழங்கால் உயரம் கொட்டினாலும் அந்த இரண்டு கோடுகள்மேல் மட்டும் ஒரு துகள் விழாது. காற்று பனியை வாரிக்கொண்டு வந்து அதன் ஓரத்தில் தட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு நாளுக்கு ஒரு கணவாய், ஒரு குடில். தடம் பிற்பகலில் குடில் வாசலில் வந்து நிற்கும். காலையில் யன்னலோரக் கட்டிலில் கம்பளி சதுரமாக மடிக்கப்பட்டு, அதன்மேல் தலையணை வைக்கப்பட்டிருக்கும். வாசலிலிருந்து தடம் அடுத்த குடிலை நோக்கிப் புறப்பட்டிருக்கும். ஐந்தாம் குடிலிலிருந்து அது ஊருக்கு இறங்காமல் முதலாம் குடிலுக்கே திரும்பிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

முதல் கிழமை குடில்காரர்கள் ஒருவரோடு ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இரண்டாம் கிழமை, யன்னலோரக் கட்டிலை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். குடில்காரர்கள் காலையில் கூப்பிட்டுக் காலநிலை பேசும்போது, காற்று எப்படி, வெப்பம் எப்படி என்பதற்குப் பிறகு "பிள்ளை இன்றைக்கு எங்கே?" என்றும் கேட்கப் பழகினார்கள். மூன்றாம் குடிலை நடத்திய ஓடில் என்ற பெண், மதுராங்கி வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டாள் என்பதை நினைவில் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை சூப்பில் பன்றிக்கொழுப்புப் போடுவதை நிறுத்தினாள்; சாப்பிட வந்தவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஊர்ப் பாதிரியார் ஞாயிறு பூசையில் அவளுடைய பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசிக்காமல் பயணத்தில் இருப்பவர்களோடு சேர்த்து வாசித்தார். நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் அளவுகோல்களோடு வந்து, மூன்று நாள் அளந்து, மூக்கில் குளிர்ப்புண்ணோடு திரும்பிப் போனார். சூரிச்சிலிருந்தும் பேர்ணிலிருந்தும் தமிழ்ச்சனங்கள் வான் வண்டி பிடித்து வந்து, கேபிள் கார் நிலையத்தில் கற்பூரம் கொளுத்தி, இங்கே ஒரு கோயில் எழுப்பவேண்டும் என்று பேசத் தொடங்கியபோது தியாகலிங்கம் சமையலறை ஏப்ரனோடு வெளியே வந்து, "அது என்ரை பிள்ளை. சாமி இல்லை. சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று சொல்லி எல்லோருக்கும் சோறு போட்டு அனுப்பினார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம் ஒன்று மாசி மாதத்தில்தான் ஊருக்கு விளங்கியது. அவளுடைய தடத்தில் நடந்தவர்கள்மேல் எந்தச் சரிவும் உடையவில்லை. தடம் சில காலைகளில் வழக்கமான பாதையை விட்டுவிட்டுப் பாறைப்பக்கமாகச் சுற்றிப் போகும். ஏன் என்று யோசித்துக்கொண்டே ஆட்கள் பின்னால் போவார்கள். மத்தியானம் வழக்கமான பாதைமேல் மலை இடிந்து விழும். ஒவ்வொரு குளிர்காலமும் நாலு ஐந்து பேரையாவது எடுக்கிற மலை, அந்தக் குளிர்காலம் மதுராங்கிக்குப் பிறகு ஒருவரையும் எடுக்கவில்லை. வழிகாட்டிகள் அவளுடைய தடம் கிளம்பும்வரை காத்திருந்து பின்னால் போனார்கள். மாத்தியு எப்போதும் முதல் ஆளாகப் போனான். ஒரு நாள் பெர்னார் சமையலறைக்கு வந்து, சவர்க்கார நுரை வழிகிற தியாகலிங்கத்தின் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, "இன்றைக்கு மாத்தியுவை உங்கள் மகள்தான் வீட்டுக்கு அனுப்பினாள்" என்றார். 

"சாப்பிட்டானா?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

வீட்டில் மதுராங்கியின் தாய் கமலேஸ்வரி வேலைக்குப் போய் வந்து நாட்களைக் கடத்தினாள். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு நாள் வைக்கக் கோயில் ஐயரிடம் போனபோது, அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நடந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு நான் எப்படியம்மா பிண்டம் வைக்கிறது?" என்றார். அன்றிலிருந்து அவள் விளக்கும் கொளுத்தவில்லை, படத்துக்கு மாலையும் போடவில்லை. வேலையால் வந்து யன்னலோரம் இருந்து மலையைப் பார்ப்பாள். அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாதபடி அவளுடைய முகம் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

பங்குனி பிறந்த கிழமையில் ஓடில் மலையிலிருந்து இறங்கி, நேராகச் சமையலறைக்கு வந்தாள். காற்றுப் பட்டுப் பட்டுத் தோல் தடித்துப்போன, அதிகம் பேசாத பெண். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பி ஆறும்வரை இருந்தாள்.

"அவள் களைத்துப்போனாள், தியாகு" என்றாள்.

தியாகலிங்கம் அவளைப் பார்த்தார்.

"ஐந்து நாளுக்கு ஒரு தடவை என் வாசலுக்கு வருகிறாள். எனக்குத் தெரியும். தையில் பிற்பகல் தொடங்கும்போதே வந்துவிடுவாள். இப்போது பொழுது சாயும் நேரமாகிறது. ஊன்றுகோல் குத்திய குழியெல்லாம் ஆழமாக இருக்கிறது, முழுப் பாரத்தையும் அதில்தான் போடுகிறாள். திருப்பங்களில் விழுந்து எழும்பிய அடையாளம் இருக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். யாரும் சொல்லமாட்டார்கள். பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, அவர்களுக்கு அவள் வேண்டும். எனக்கும்தான் வேண்டும். ஆனால் நீ அவளுடைய தகப்பன்."

அவர் என்ன செய்யவேண்டும் என்று ஓடில் சொல்லவில்லை. செய்தி எப்படியோ ஊருக்குள் பரவி, மறுநாள் காலை பெர்னார் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான் தலைவராக வரவில்லை, தியாகு. தகப்பனாக வந்திருக்கிறேன். மாத்தியு ஒவ்வொரு நாளும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே போகிறான். இன்னும் இரண்டு மாதம். அதற்குப் பிறகு அவளிடம் என்ன சொல்லவேண்டுமோ சொல்லுங்கள். உங்களிடம் இப்படிக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டுதான் கேட்கிறேன்."

 பெர்னார் போன பிறகு, உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கமலேஸ்வரி கதவடிக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ. என்ன யோசிக்கிறியள்?"

"அவர் கேக்கிறதிலையும் ஞாயம் இருக்கு கமலி. எத்தினை பேற்றை பிள்ளையள்."

"பெர்னார் நல்ல மனுசன். ஆனா களைச்சுப்போய் நடக்கிறது அவரின்ரை பிள்ளை இல்லை. நான் சொன்னா அவள் கேக்கமாட்டாள். சின்னனிலை ஏரியிலை நீந்தப் போனா, உதடு நீலமாகும்வரைக்கும் நான் கத்துவன், வரமாட்டாள். நீங்கள் ஒருக்காச் சொன்னா வந்திடுவாள். போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

அப்படித்தான் தியாகலிங்கம் தன் ஐம்பத்தொன்பதாம் வயதில் முதன்முதலாக மலையேறினார். ஸ்கீ தெரியாத ஆட்கள் பனியில் புதையாமல் நடப்பதற்குச் சப்பாத்தின் அடியில் கட்டுகிற அகலமான பனிமிதியடியை ஓடில் அவருக்குக் கட்டிவிட்டு, தான் ஸ்கீயில் பின்னால் வந்தாள். முதலாம் குடிலின் வாசலிலிருந்து தடம் புறப்பட்டிருந்தது. அவர் குனிந்து, கையுறையைக் கழற்றி, கோட்டுக்குள் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அதற்குள் காலை வைத்தார்.

சரிவுக்கு வந்ததும் ஓடில் நின்று மேலே பார்த்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சரிவில் மதுராங்கியின் தடம் செங்குத்தாகப் போய்க் கூர்மையாகத் திரும்பும். இளம் வழிகாட்டிகளுக்கே மூச்சு வாங்கும். அன்றைக்கு அது முதியவர்கள் ஏறுகிற கோயிற்படிபோலத் தணிந்து தணிந்து, நீண்ட வளைவுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும், அகலமான மிதியடி வைத்துத் திரும்புகிற அளவுக்கு ஒரு முற்றம் மிதித்துச் சமன்செய்யப்பட்டிருந்தது. நூறு அடிக்கு ஒரு தடவை, இரண்டு ஊன்றுகோல்களும் பக்கத்தில் பக்கத்தில் குத்தப்பட்டு, யாரோ சாய்ந்து நின்று பின்னால் பார்த்துக்கொண்டிருந்த அடையாளம் இருந்தது.

"உனக்காக நின்று நின்று போகிறாள்" என்றாள் ஓடில்.

அவர் கணவாய்வரை மிதியடியைப் பார்த்தபடி ஏறினார். மறுபக்கம் இறங்கும்போது தடத்தைப் பார்த்து மகளோடு பேசத் தொடங்கினார். ரொறன்ரோவில் சின்னம்மா வீடு மாறியதைச் சொன்னார். குளியலறைக் குழாயிலிருந்து ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை என்று சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் சுகம் என்று பொய் சொன்னார். சொல்லவந்ததை மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஓடிலின் குடிலில், விடிந்ததும் எழும்பிப் பார்த்தபோது, பக்கத்துக் கட்டிலில் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் கையை விட்டார். சூடு இன்னும் ஆறவில்லை. அப்படியே கையை உள்ளே வைத்துக்கொண்டு, அந்தச் சூடு முழுக்க ஆறும்வரை கட்டில் விளிம்பில் இருந்தார்.

வெளியே வந்து ஓடிலிடம், "நான் மே மாதம்வரை இப்படியே வரலாம் என்று பார்க்கிறேன். விடுதியில் சொல்லிக்கொள்வேன். ஐந்து நாளுக்கு ஒரு சுற்று. எனக்குக் கால் பழகிவிட்டது" என்றார்.

மறுநாள், நாலாம் நாள் ஏற்றத்தின் நடுவில், ஓடில் முன்னால் போய் ஒரு இடத்தில் நின்று, ஊன்றுகோலால் காட்டினாள். தடத்துக்கு நடுவில் இரண்டு வட்டக் குழிகள். முழங்கால்கள். அவற்றுக்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. பத்தடி தள்ளி மறுபடியும் அதே நாலு குழிகள். அதற்கு மேலே மறுபடியும். தனக்காக மிதித்து வைத்த முற்றங்கள் எத்தனை என்று தியாகலிங்கம் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கொண்டு போகும்போதே அவருக்குக் கண் மறைத்தது. கையுறை அவள் போட்டிருக்கவில்லை. விரல்கள் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன.

கணவாயைக் கடந்து கொஞ்சம் இறங்கினால் பனியாறும், அதற்கு மேலே அந்தச் சரிவும். தடம் சரிவின் விளிம்பில் நின்றிருந்தது. அவரும் நின்றார். ஓடில் பின்னாலேயே நின்றுகொண்டாள். வெயில் இல்லாத, காற்றும் இல்லாத மத்தியானம்.

"பிள்ளை" என்றார்.  மறுபடி கூப்பிட்டார்.

"பிள்ளை, அப்பா வந்திருக்கிறன். வாற வருசம், வாற வருசம் எண்டு சொல்லிச் சொல்லி இப்பதான் வந்தனான். நீ போட்டுத் தந்த வழியாலை சுகமா வந்திட்டன். எல்லாரும் வீடு வந்து சேர்ந்திட்டினம் அம்மா. இனிக் காணும். போதும். அம்மாவுக்கு நான் சொல்லுறன், நீ இரு."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அவருடைய கண் முன்னாலேயே, தடத்தின் முனையில் பனி மெல்ல அழுந்தியது; யாரோ ஸ்கீயைக் கழற்றி அருகருகே வைத்ததுபோல இரண்டு நீளக் கோடுகள், அவற்றுக்குப் பக்கத்தில், களைத்த ஆள் ஒருவர் உட்கார்ந்ததுபோல ஒரு பள்ளம். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பனி தூவத் தொடங்கியது. முதல் துகள் கோட்டுக்குள் விழுந்தது, இரண்டாவது விழுந்தது, பிறகு எல்லா இடத்திலும் விழுவதுபோல அங்கேயும் விழுந்தது. பள்ளம் நிரம்பி, கோடுகள் நிரம்பி, அவர் ஏறிவந்த முற்றங்கள் எல்லாம் நிரம்பி மலை முழுக்க ஒரே வெள்ளையாகும்வரை அவர் அங்கேயே இருந்தார். ஓடில் வந்து தோளில் கை வைத்தாள். முன்னால் போக வழி எதுவும் இருக்கவில்லை. அவள் தன் ஸ்கீயால் ஒரு வழி போட, அவர் பின்னால் போனார்.

சித்திரையில் அந்தியேட்டி நடந்தது. ஐயர் மறுப்புச் சொல்லவில்லை. ஐந்து குடில்காரர்களும் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை மடித்து இருக்கத் தெரியாமல் இருந்தார்கள். பெர்னார் ரொட்டிக்கூடையோடு வந்தார். கமலேஸ்வரி அன்றைக்குத்தான் அழுதாள். அழுது முடித்து, எழும்பி, எல்லோருக்கும் தானே பரிமாறினாள்.

சித்திரை கடைசியில், வெயில் ஏறிய ஒரு காலை, இரண்டாம் கணவாய்க்குக் கீழே சரிவு உடைந்து மாத்தியுவை எடுத்தது. கூட்டிக்கொண்டு போன ஆட்களைச் சரிவின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, வழி சரிதானா என்று பார்க்கத் தான் முந்திப் போயிருந்தான். அரை மணித்தியாலத்தில் தோண்டி எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை.

தியாகலிங்கம் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. மூன்றாம் நாள் காலை கமலேஸ்வரி பருப்பும் சோறும் சமைத்துப் பாத்திரத்தில் போட்டு அவருடைய கையில் தந்து, தானும் கூடவே வந்தாள். கடை பூட்டியிருந்தது. வீட்டுக் கதவைத் திறந்தது பெர்னார். அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். 

"அவள் அவ்வளவு களைத்திருந்தாளா?" என்று கேட்டார்.

"ஓம். முழங்காலில் ஊர்ந்துதான் ஏறினாள்."

பெர்னார் தலையை ஆட்டினார். பிறகு கதவைவிட்டு விலகி நின்றார். உள்ளே அவருடைய மனைவி மோனிக் மேசையில் இருந்தாள். நாலு பேரும் இருந்தார்கள். கமலேஸ்வரி தட்டுகளை எடுத்துப் போட்டாள். மோனிக் இரண்டு வாய் சாப்பிட்டாள். பெர்னார் ஒன்றும் தொடவில்லை. சரிவிலிருந்து வெயில் இறங்கும்வரை யாரும் எழும்பவில்லை.

"கடையைத் திறக்கவேண்டும். கை மாவுக்குள் போகமாட்டேன் என்கிறது" என்றார் பெர்னார், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் விடியும்போது தியாகலிங்கம் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய் அடுப்பை மூட்டினார். கமலேஸ்வரி மாவைச் சலித்துக் கொடுத்தாள். பதினொரு நாள் அந்த ஊர் சாப்பிட்ட ரொட்டி அவர்கள் இரண்டு பேரும் சுட்டது. மேல்தோல் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தது. ஆட்கள் வந்து, வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு போனார்கள்.